பௌர்ணமிக்குப் பௌர்ணமி நீர்க்கடுப்பு

அந்த ஆளுக்குச் சாவு வரட்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. செத்தால் ஒரே நாளில் முடிந்துபோகும். நான் வேண்டிக்கொண்டது நீர்க்கடுப்பு. சாதாரண நீர்க்கடுப்பு போதும். ஆனால் அது திரும்பத் திரும்ப வரவேண்டும். போய்விட்டது என்று அவன் நிம்மதியாக மூச்சுவிடும் நேரம் பார்த்து வரவேண்டும். காலையில் வேலைக்கு வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி, கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இதைத்தான் கேட்டேன். பிள்ளைகளுக்குப் படிப்பு, வீட்டுக்காரருக்கு வியாபாரம் எல்லாம் இதற்குப் பிறகுதான். இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

அந்த ஆள் நான் வேலை பார்க்கும் லாட்ஜின் மேனேஜர். கோயிலிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் மூன்று மாடி லாட்ஜ் அது. ஓனர் சென்னையில் இருக்கிறார். கார்த்திகை தீபத்துக்குக் காரில் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவார். மேனேஜர் அவருடைய மனைவிக்குத் தம்பி. அந்த வேலைக்கு அவனுக்கு அதைத் தவிர வேறு தகுதி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் ரிசப்ஷனில் உட்காருகிறேன். வீடு வேங்கிக்காலில், என் வீட்டுக்காரர் அங்கேதான் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

ரிசப்ஷனில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாவிப் பலகை உண்டு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கொக்கி, ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சாவி, ஒவ்வொரு சாவிக்கும் பின்னால் ஒரு பாத்ரூம். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். அட்டாச்டா, வெஸ்டர்னா, வெந்நீர் வருமா. வரும் என்று சிரித்த முகத்தோடு சொல்லிச் சாவியை எடுத்து நீட்டுவேன். இப்படி ஊராருக்கெல்லாம் பாத்ரூம் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்குப் போவதற்கு ஒரு இடம் இல்லை.

சரியாகச் சொல்லவேண்டுமென்றால், இருந்தது. பின்பக்கம் ஜெனரேட்டருக்கு அருகில் ஸ்டாஃப் பாத்ரூம் ஒன்று உண்டு. சாதாரண நாட்களில், கவுண்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால், ஓடிப்போய் ஓடிவரலாம். பௌர்ணமி வந்தால் அதுவும் கிடையாது. கிரிவலம் வரும் கூட்டத்துக்குக் குளிக்கவும் ஒதுங்கவும் இடம் வேண்டும். எங்கள் ஊரில் பௌர்ணமியன்று வாளித் தண்ணீருக்கும் விலை உண்டு, கதவுக்கும் விலை உண்டு. மேனேஜர் பின்வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அந்த ஸ்டாஃப் பாத்ரூமை ஆளுக்கு இவ்வளவு என்று விட்டுவிடுவான். வாசலில் எந்நேரமும் வரிசை நிற்கும். வேலை செய்கிறவர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

அறைகளைக் கூட்டிப் பெருக்கும் அக்காமார்கள், காலியாகும் அறையைச் சுத்தம் செய்யும்போது அங்கேயே போய்க்கொள்வார்கள். கவுண்டரை விட்டு நகர முடியாதவள் நான் ஒருத்திதான். கேமரா வேறு இருந்தது. நான் எழுந்து மாடிப்படி ஏறினால் அவனுடைய போனில் தெரியும். உடனே ரிசப்ஷன் போன் அடிக்கும். கவுண்டரை விட்டு எங்கே போகிறாய் என்று கேட்பான். ஆத்திரம் அவசரத்துக்கு ஏதாவது காலி அறையில் போய்க்கொள்ளட்டும் என்று ஓனரே ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டுமே. இத்தனைக்கும் முதல் மாடியில் மலை தெரியும் அறை ஒன்றை அவன் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தான். ஏசி, டிவி, வெள்ளை டைல்ஸ் போட்ட பாத்ரூம். சாதாரண நாளில் பாதி நேரம் அதில்தான் படுத்திருப்பான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பௌர்ணமி மத்தியானம், பொறுக்க முடியாமல் பின்வாசலுக்கே போய் அவனிடம் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நாற்காலியை விட்டு அசையாமல், சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னான்.

"ஒரு நாளு அடக்கிக்க முடியாதா? பொம்பளைங்களுக்கு இதுகூடவா சொல்லித் தரணும்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி வந்து கவுண்டரில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்த வாக்கியத்தை மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழி, எங்கள் ஊரில் வேலைக்குப் போகும் முக்கால்வாசிப் பெண்கள் கண்டுபிடித்திருக்கும் அதே வழிதான். தண்ணீரே குடிக்காமல் இருப்பது. பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலையிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். காலையில் அரை டம்ளர் காபி. மத்தியானம் தயிர்சாதம், விக்கல் வந்தால் ஒரு வாய்த் தண்ணீர். சித்திரை வெயிலில்கூட அப்படித்தான். எனக்கே என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து எரிச்சல் தொடங்கும். சொட்டுச் சொட்டாகப் போகும். போய்விட்டு எழுந்தால் மறுபடி வருகிற மாதிரி இருக்கும். அடிவயிறு கனக்கும். ஒருமுறை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. மாமியார் என் முகத்தைப் பார்த்தே சூடு என்று சொல்லிவிட்டார். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டார். எங்கள் பக்கத்தில் நீர்க்கடுப்புக்கு அதுதான் முதல் வைத்தியம். வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தார், இளநீர் வாங்கி வரச் சொன்னார். அவர் பாசமாகத்தான் செய்தார், நானும் நம்பித்தான் காலை நீட்டினேன். அது கேட்காதபோது மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன். எரிச்சல் அடங்கியதும் மிச்ச மாத்திரையை அடுத்த முறைக்கு ஆகும் என்று பத்திரமாக எடுத்துவைத்தேன். சுத்தமாக இருக்கவேண்டும் என்று டெட்டால் ஊற்றிக் கழுவினேன். செய்யக்கூடாது என்று பிற்பாடு டாக்டர் சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் செய்தேன்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி வந்தது. அதற்கடுத்த பௌர்ணமிக்கும் வந்தது. சுவரில் மாட்டிய காலண்டரில் வெள்ளை வட்டம் வந்தால் எனக்கு எரிச்சலும் வந்தது. இதை முதலில் கவனித்தது என் மாமியார்தான். ஒரு நாள் சுண்ணாம்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருதுன்னா இது சூடு இல்லம்மா. சாமி காரியம். ஊரே அன்னிக்கு மலை சுத்துது, நீ உக்காந்து ரூம் வாடகைக்கு வுட்டுக்கினு இருக்கிற. அதான்."

வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு முடிவுக்கு வருவார்களா தெரியாது. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் மலை, மலை என்றால் சாமி. எனக்கும் அது சரியென்றே பட்டது. வேலையை முடித்துவிட்டு மறுநாள் காலையில், பௌர்ணமி முழுசாகக் கழிவதற்குள், வெறுங்காலோடு கிரிவலம் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். உடம்பைக் கெடுத்தவன் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நான் மலையிடம் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கு நடுவில் ஒரு தனியார் கிளினிக்குக்கும் போயிருந்தோம். அங்கிருந்த டாக்டர் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை, நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன் என்றும் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப வருவதால் நீர் போகும் பாதை சுருங்கியிருக்கும், சின்னதாக ஒரு ஆபரேஷன் பண்ணி விரித்துவிட்டால் சரியாகும் என்று சொல்லி, வேலூரில் ஒரு இடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பயந்துபோனார். அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, ஆபரேஷன் பண்ணிக்கொள், இல்லையென்றால் வேலையை விட்டுவிடு என்றார். நல்ல மனுஷன், என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஒருவன் பாத்ரூம் கதவை வாடகைக்கு விடுவான், அதற்காக நான் உடம்பில் கத்தி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் அவன் ஜெயித்தவன் ஆகிவிடுவான். இரண்டும் முடியாது என்றேன்.

வேண்டுதல்படி பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் வீட்டுக்காரரோடு கிரிவலம் கிளம்பினேன். முந்தின நாள் முழுக்க அடக்கிய உடம்பு. வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று அன்றும் தண்ணீர் குடிக்கவில்லை. குளிர்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தோம். பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலையை நெருங்கும்போது முதுகில், வலது விலாவுக்குக் கீழே, யாரோ குத்திவிட்டு எடுக்காமல் வைத்திருக்கிற மாதிரி வலி. பிறகு குளிர். பல் கிட்டித்துக்கொண்டது. ஒரு டீக்கடை பெஞ்சில் சாய்ந்தேன். வாந்தி எடுத்தேன். அதற்குமேல் நடக்க முடியவில்லை. வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். கண்ணில் தூக்கம் இருந்தது, பேச்சில் இல்லை. கிருமி மேலே ஏறிக் கிட்னி வரைக்கும் போய்விட்டது என்று சொல்லி, மருந்து ஏற்றுவதற்கு முன்னால் என்ன கிருமி என்று பார்க்கச் சிறுநீரைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பச் சொன்னார். சர்க்கரை பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஜுரம் இறங்கின பிறகு ஒரு நாள் அவர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பௌர்ணமி அன்னிக்கு நீங்க இன்னா பண்றீங்க?" என்று கேட்டார். "காலைலருந்து ராத்திரி வரைக்கும் சொல்லுங்க."

சொன்னேன். சாவிப் பலகை, நாற்காலி, அரை டம்ளர் காபி, விக்கலுக்கு ஒரு வாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை மாதமாக என் மாமியார் கண்ணுக்குத் தெரிந்த பௌர்ணமியும் நிஜம்தான், வியாதியும் நிஜம்தான். நடுவில் நிலா இல்லை. அந்த நாற்காலிதான் இருந்தது.

கல் இல்லை, சர்க்கரை இல்லை, பாதையில் அடைப்பு எதுவும் இல்லை, உங்களுக்குக் கத்தி வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் இதே மாதிரி ஏறிக்கொண்டே இருந்தால் கிட்னியில் தழும்பு விழும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது என்றும் சொன்னார். கல்ச்சரில் எந்த மருந்து கேட்கும் என்று வருகிறதோ அந்த மருந்தை, எரிச்சல் நின்றாலும் நிறுத்தாமல், சொன்ன நாள் வரைக்கும் போடவேண்டும். மிச்சம் வைக்கக்கூடாது, மெடிக்கலில் நாமாகச் சொல்லி வாங்கக்கூடாது. கிருமி பழகிப்போனால் பிறகு எந்த மாத்திரையும் கேட்காது. டெட்டால், வாசனை சோப்பு எதுவும் அங்கே படக்கூடாது, வெறும் தண்ணீர் போதும். கழுவுவது முன்னிருந்து பின்னாக. வீட்டுக்காரரோடு சேர்ந்திருந்தால் எழுந்துபோய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வந்துதான் படுக்கவேண்டும். கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமாக, சிறுநீர் வெளுத்துப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும், வந்தால் போகவேண்டும். போனால் அவசரப்படக் கூடாது. முடிந்தது என்று தோன்றினாலும் கொஞ்சம் உட்கார்ந்திருந்து இன்னொரு முறை முயன்றுவிட்டு எழவேண்டும்.

எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். தண்ணீர் குடிப்பதையும் வந்தால் போவதையும் பற்றிச் சொன்னபோது மட்டும், லாட்ஜில் முடியாதே என்றேன். டாக்டரம்மா எழுந்துகொண்டார்.

"நான் மருந்து எழுதலாம். அந்த ஆளுக்கு நான் மருந்து எழுத முடியாது, அவரை நீங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதுவரை அவனைப் பழிவாங்கவேண்டும் என்று நினைத்த போதெல்லாம், வேலையை விடும் அன்றைக்கு மூஞ்சியில் சாவியை விட்டெறிவது, ஓனரிடம் போட்டுக்கொடுப்பது என்றெல்லாம்தான் யோசித்திருந்தேன். எல்லாம் உதவாக்கரை யோசனைகள். என் பழி முழுவதும் அந்த டாக்டரம்மாவின் வாயிலிருந்து வைத்தியமாக வந்துவிட்டது. தண்ணீர் குடிப்பேன், வந்தால் போவேன். அவனுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்யமுடியாது.

வீட்டில் ஆரம்பித்தேன். மாத்திரையைக் கடைசி ஒன்று வரைக்கும் போட்டேன். மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் நம்பவில்லை. பிறகு சுண்ணாம்பு டப்பாவை வெற்றிலைத் தட்டுக்கே திருப்பிவைத்துவிட்டு, தினமும் பார்லி காய்ச்சி என் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். பாதியில் நின்ற கிரிவலத்துக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா சொன்ன அந்த இன்னொரு விஷயத்தை வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். அவர் காது சிவந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து, நான் சோம்பலில் புரண்டு படுத்தால், போய்ட்டு வந்தியா என்று அவரே கேட்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் செய்த உபகாரங்களில் அதைப் பெரிதாக நினைக்கிறேன்.

லாட்ஜுக்கு ஒரு பெரிய பாட்டிலோடு போனேன். கேமரா எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, பாட்டிலைத் தூக்கிக் குடித்தேன். சாதாரண நாட்களில் வந்தபோதெல்லாம் எழுந்து போனேன். ரிசப்ஷன் போன் அடித்தால், ஒண்ணுக்குப் போறேன் சார் என்று கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படியே சொன்னேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் அந்த வார்த்தையை ஆண்களிடம் சொல்லமாட்டோம். தலைவலி என்போம், மேலே போய்விட்டு வருகிறேன் என்போம். நான் சொன்னதும் அவன்தான் போனை வைத்தான். அந்தச் சத்தம் என் காதுக்கு இனிமையாக இருந்தது.

பிறகு பௌர்ணமி வந்தது. காலையிலிருந்தே கூட்டம். அறை கேட்டு ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா வழக்கம்போல அட்டாச்டா என்று கேட்டார்.

"எல்லா ரூமும் அட்டாச்டுதாங்க," என்றேன். "இங்க வேலை செய்யற எங்களுக்குத்தான் இன்னிக்கி பாத்ரூம் கிடையாது."

சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். அந்த அம்மா சாவியை வாங்கிக்கொண்டும் நகராமல் என்னையே பார்த்தார். அடுத்து வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன், அதற்கடுத்து வந்தவர்களுக்கும். பொய்யாக ஒரு வார்த்தை இல்லை. நடுவில் பாட்டில் காலியானது. மத்தியானம் எனக்கு முட்டிக்கொண்டு வந்தபோது பின்வாசலில் வரிசை தெரு வரைக்கும் நின்றது. நான் திரும்பிச் சாவிப் பலகையைப் பார்த்தேன். மலை தெரியும் அந்த அறைக்கும் அங்கே ஒரு கொக்கி உண்டு, அதில் ஒரு மாற்றுச் சாவி உண்டு. இத்தனை நாளும் அது என் தலைக்குப் பின்னால்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். கூடத்தில் நின்றவர்களிடம், பாத்ரூம் போய்விட்டு வருகிறேன், கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

வெள்ளை டைல்ஸ். நல்ல குழாய். ஒரு ஓரத்தில் வாசனைக்கு உருண்டை வேறு போட்டிருந்தான். தாழ் போட்டு உட்கார்ந்தேன். கேமராவில் பார்த்துவிட்டான் போலிருக்கிறது, படியில் தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. பாத்ரூம் கதவை இடித்தான். யாரைக் கேட்டு உள்ளே போனாய், கவுண்டரில் கூட்டம் நிற்கிறது, வெளியே வா என்று கத்தினான். நான் டாக்டரம்மா சொன்னபடி அவசரப்படவில்லை. முடிந்தது என்று தோன்றிய பிறகும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். அவன் இன்னொரு முறை இடித்தான், நான் இன்னொரு முறை முயன்றேன். கழுவிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து, சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே அவனைத் தாண்டி இறங்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு சுகமாக நான் சிறுநீர் கழித்ததில்லை.

அவன் என்னைத் துரத்திக்கொண்டு கூடத்துக்கு வந்து, நாளையிலிருந்து நீ வேலைக்கு வராதே என்றான். கூட்டத்தைக் கவனிக்காமல் பேசிவிட்டான், அதுதான் அவன் செய்த தப்பு. காலையில் அறை எடுத்த அந்த அம்மா காபி வாங்க இறங்கியிருந்தார். பாத்ரூம் போனதுக்கா வேலையை விட்டு நிறுத்துறீங்க என்று கேட்டார். இன்னும் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அவன் வாயைத் திறக்குமுன் நான் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவரைக் கூப்பிட்டேன். அன்று அந்தக் கூட்டத்தை என்னைத் தவிர யாரும் சமாளிக்க முடியாது என்று அவனுக்கும் தெரியும். இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு மூன்று தடவை அதே அறைக்குப் போய்வந்தேன். பின்வாசலிலிருந்து அவன் வரவில்லை.

மறுநாள் நான் வேலைக்கு வந்தேன், அவன் தடுக்கவில்லை. அந்த வாரமே ஓனர் சென்னையிலிருந்து போன் செய்தார். தங்கிவிட்டுப் போனவர்கள் லாட்ஜைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்தார்களாம். அறை சுத்தம், வெந்நீர் வருகிறது, ஆனால் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குக் கழிவறை கிடையாது, குடும்பத்தோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே இன்னும் பலர் எழுதியிருந்தார்கள். ஓனருக்கு என் மேல் இருந்த இரக்கத்தைவிட நட்சத்திரம் குறைந்ததில் இருந்த வருத்தம் ஜாஸ்தி. எதுவானால் என்ன. ஸ்டாஃப் பாத்ரூம் பௌர்ணமியானாலும் ஸ்டாஃபுக்குத்தான் என்று உத்தரவு வந்தது. மச்சான் தனக்கென்று ஒரு அறையை அடைத்துவைத்திருந்தது அவர் விசாரித்தபோதுதான் தெரிந்தது. மலை தெரியும் அறை வாடகைக்குப் போனது. பின்பக்கப் பாத்ரூம் சாவி என் பொறுப்புக்கு வந்தது. சாவிப் பலகையில் அதற்கென்று ஒரு கொக்கியை நானே அடித்தேன். மேனேஜரின் வேலை போகவில்லை, உறவு என்றால் அப்படித்தான். கூடத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

அந்தப் பௌர்ணமிக்கு எனக்கு எரிச்சல் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. காலண்டரின் வெள்ளை வட்டம் எனக்கு மறுபடி வெறும் நிலா ஆனது. நல்ல செருப்பு போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு, கட்டணக் கழிவறை கண்ட இடத்திலெல்லாம் நின்று நின்று, பாதியில் விட்ட கிரிவலத்தையும் முடித்தேன். மாமியாருக்கு அப்போதுதான் நிம்மதி. ஆனால் மேனேஜருக்காக நான் வைத்திருந்த வேண்டுதலை நான் வாபஸ் வாங்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. ஒருநாள் அவன் என் கவுண்டருக்கு முன்னால் கால் மாற்றி நின்று சாவி கேட்பான், ஒரு நாள் அடக்கிக்க முடியாதா சார் என்று நான் கேட்கவேண்டும். அதற்காகக் காத்திருந்தேன்.

இந்த வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு அவனுடைய மனைவி கிரிவலம் வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக லாட்ஜுக்கு வந்து, கூடத்தில் அவன் காட்டிய இடத்தில் உட்கார்ந்தார். அறை எல்லாம் நிரம்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து அவனிடம் போய்க் காதோடு ஏதோ கேட்டார். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டி, ஏதோ சொல்லி உட்காரச் சொன்னான். அவர் திரும்பி வந்து உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் மேல் இன்னொரு காலை அழுத்தி நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். நான் கண்ணைத் தாழ்த்தினேன். வெறுங்காலோடு மலை சுற்ற வந்தவர். வலது கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

பின்பக்கச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து அவரிடம் போய்க் கையில் கொடுத்தேன். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் என்று வழி சொன்னேன். போய்விட்டு வர அவருக்கு நேரமானது. வந்ததும் சாவியை நீட்டி, ரொம்பத் தேங்க்ஸ்மா என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்தே அடிக்கடி வரும், சூட்டு உடம்பு என்றார். தன் வீட்டுக்காரர்தான், வெளியே கிளம்பினால் தண்ணி குடிக்காதே, கண்ட இடத்திலே வண்டியை நிறுத்த முடியாது, அடக்கிக்க என்பார் என்று, தன்மேல்தான் தப்பு என்பதுபோலச் சொன்னார்.

கோபுரத்தைப் பார்த்து நான் கேட்ட நீர்க்கடுப்பு, நான் கேட்பதற்கு முன்னாலேயே அந்த வீட்டில் இருந்திருக்கிறது. இருக்கவேண்டிய ஆளிடம் இல்லை, அவ்வளவுதான். எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் தணியவில்லை, இரண்டு மடங்கானது.

அவரைக் கவுண்டருக்கு உள்ளே கூப்பிட்டு என் நாற்காலியில் உட்காரவைத்தேன். என் பாட்டிலிலிருந்து பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். சுண்ணாம்பில் ஒன்றும் இல்லை, அரசு மருத்துவமனைக்குப் போய்க் கல்ச்சர் பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரையும் பாருங்கள், ஆபரேஷன் அது இது என்று யாராவது சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். மூலையில் அவன் போனைத் தாழ்த்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் நான் குரலை உயர்த்தினேன்.

"எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. கிட்னி வரைக்கும் போய் ஆஸ்பத்திரில கெடந்தேன். பௌர்ணமி அன்னிக்கு பாத்ரூம் சாவி கேட்டதுக்கு, ஒரு நாளு அடக்கிக்க முடியாதான்னு, இத்தனை பேருக்கு முன்னாடி ஒருத்தரு கேட்டாரு."

"யாரு?" என்றார் அவர்.

நான் மூலையைப் பார்த்தேன். அவரும் திரும்பி மூலையைப் பார்த்தார். நான் நினைத்திருந்ததைவிட நெடுநேரம் பார்த்தார். அவன் எழுந்து, நேரமாச்சு, கிளம்பு, கிரிவலத்துக்குக் கூட்டம் சேர்ந்துடும் என்றான். அவர் அசையவில்லை. டம்ளரை என்னிடம் நீட்டினார். இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்றார். ஊற்றினேன். அவனைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல், அதை முழுக்கக் குடித்தார்.

அவனுக்கென்று நான் வைத்திருந்த வாக்கியம் அதோடு தீர்ந்துவிட்டது. மிச்சக் கணக்கை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.